முதியோரும் மின்மிதிவண்டியும்

நம் சங்கத்தின் ஆண்டுவிழா மலரில் சங்க இலக்கியம், சமயச் சான்றோர் வரலாறு, கோயிற் சிற்பம் ஆகியவை பற்றிய கட்டுரைகள் ஆண்டுதோறும் இடம்பெறக் காண்கிறோம். அவற்றை எழுதுதற்குரிய புலமை உடையோர் நம்மிடையே பலர் உளர். யாமோ இரயில்வே அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். எமக்கு ஓரளவு தெரிந்த பொருள் சக்கரம் ஒன்றே. ஆகவே மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, இரும்புப் பாதையை விட்டுச் சற்றே இறங்கி, நம் காலனி வீடுகளின் வாயிற்புறத்தில் ஒரு காலத்தில் தவறாது சாய்ந்து நின்ற மிதிவண்டியைப் பற்றி எழுத முற்பட்டோம். அறுபதையும் எழுபதையும் கடந்த பெரியோர் சிலர், பாட்டரி பொருத்திய மிதிவண்டியில் மீண்டும் ஏறி அமர்ந்து காலை வேளைகளில் உலாவரும் காட்சியை இப்பொழுது நாம் காண்கிறோம் அல்லவா? அக்காட்சிக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதனைக் கூறுவதே எம் நோக்கம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஈழத் தமிழர் இதனைத் துவிச்சக்கரவண்டி என்றனர். ஈருருளி என்று எழுதியவரும் உண்டு. தமிழகத்தில் மிதிவண்டி என்ற சொல் நிலைபெற்றது. நம் காலனிப் பிள்ளைகளோ சைக்கிள் என்பதன்றி வேறொன்றும் அறியார். பாட்டரி பொருத்திய வண்டியை மிதிவண்டி என்னலாமா என்று நண்பர் ஒருவர் எம்மிடம் வாதிட்டார். தாராளமாக என்னலாம். மிதித்தால்தான் மோட்டார் துணைக்கு வரும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் ஓய்ந்துவிடும். கைப்பிடியைத் திருகினால் ஓடும் மின்சார ஸ்கூட்டர் வேறு இனம். இக்கட்டுரையில் மின்மிதிவண்டி என்று யாம் குறிப்பது மிதித்து ஓட்டுவதையே.

செருமனி நாட்டு மன்ஹைம் நகரத்தில் 1817ஆம் ஆண்டு கார்ல் டிரைஸ் என்பார் இரு சக்கரங்களை முன்னும் பின்னுமாக ஒரு மரச்சட்டத்தில் கோத்து, அதன்மேல் அமர்ந்து, கால்களால் தரையை உந்தி ஓட்டிக் காட்டினார். மிதிகட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. அதற்கு இரண்டாண்டு முன்பு கிழக்கிந்தியத் தீவாகிய சும்பாவாவில் தம்போரா எரிமலை வெடித்ததும், அதன் சாம்பல் வானை மறைத்து 1816இல் ஐரோப்பாவில் கோடையே இல்லாது போனதும், பயிர் விளையாமல் குதிரைக்குத் தீனி கிடைக்காது போனதும் வரலாற்றில் பதிவானவை. குதிரை இல்லா ஊர்தியை டிரைஸ் நாடியதற்கு அப்பஞ்சமே தூண்டுகோல் என்று கருதும் ஆராய்ச்சியாளர் உளர். அனைவரும் அதை ஏற்கவில்லை. ஏற்பினும் ஏற்காவிடினும் சுவையான செய்தி.

1860களில் பாரிசு நகரத்து மிசோ குடும்பத்தார் பட்டறையில் முன்சக்கரத்தோடு மிதிகட்டை பொருத்தப்பட்டது. அடுத்த பத்தாண்டில் முன்சக்கரம் வளர்ந்து வளர்ந்து ஆளுயரத்தை எட்டியது. ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகவேண்டும் என்பதே காரணம். அவ்வுயரத்தில் ஏறவும் குதிக்கவும் கட்டிளங்காளையரால் மட்டுமே இயன்றது. கல் ஒன்று தடுக்கினால் தலைகுப்புற விழவேண்டியதுதான். முதியோர்க்கும் பெண்டிர்க்கும் அவ்வண்டியில் இடமே இல்லை. அவர்களுக்கென்று மூன்று சக்கர வண்டிகள் செய்தனர். இங்கிலாந்துப் பேரரசி விக்டோரியா 1881இல் அத்தகைய முச்சக்கர மிதிவண்டிகள் இரண்டை வாங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. வண்டியில் யார் ஏறலாம், யார் ஏறவியலாது என்பதே மிதிவண்டி வரலாற்றின் உள்ளோட்டம் என்று எமக்குத் தோன்றுகிறது. இரும்பையும் இரப்பரையும் பற்றிய கதை அதற்கு அடுத்தபடிதான்.

அக்கதவை அகலத் திறந்தவர் இருவர். ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் 1885இல் கவென்ட்ரி நகரில் ரோவர் என்னும் வண்டியைச் செய்தார். இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் சங்கிலி, தரைக்கு எட்டும் இருக்கை என்று அமைந்த அவ்வண்டியே இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் நேர் மூதாதை. 1888இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் வண்டி கல்தெருவில் அதிர்வதைக் கண்டு, காற்றடைத்த டயரைச் செய்தார். இவ்விரண்டும் கூடியபின் மிதிவண்டி எல்லார்க்கும் உரியதாயிற்று.

அதன் பயனை 1895ஆம் ஆண்டில் காணலாம். அவ்வாண்டில் உருசிய நாட்டுப் பேரெழுத்தாளர் டால்ஸ்டாய், தம் இளைய மகனைச் சாவுக்குப் பறிகொடுத்த துயரில் இருந்தவர், 67ஆம் வயதில் மிதிவண்டி ஓட்டக் கற்றார். ஊரார் நகைத்தனர், அவர் பொருட்படுத்தவில்லை. அமெரிக்க நாட்டு மதுவிலக்குத் தலைவி பிரான்சிஸ் வில்லர்டு அம்மையார் 53ஆம் வயதில் தாம் மிதிவண்டி கற்ற கதையை நூலாக வெளியிட்டதும் அதே 1895இல்தான். அவ்வாண்டின் கடைசி நாளாகிய டிசம்பர் 31ஆம் தேதி, ஒகையோ மாநிலத்து ஆக்டன் போல்டன் என்பார் மின்சார மிதிவண்டிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பின்சக்கரத்தின் குடத்திலேயே மோட்டார்; சட்டத்தின் நடுவே தொங்கும் 10 வோல்ட்டுப் பாட்டரி; அதிலிருந்து 100 ஆம்பியர் வரை மின்னோட்டம். இன்று கடைகளில் விற்கும் மின்மிதிவண்டிகள் பலவற்றில் மோட்டார் அதே இடத்தில்தான் இருக்கிறது! ஆயினும் போல்டனுக்கும் முன்னோடி உண்டு. பாரிசில் 1881இல் குஸ்தாவ் துரூவே என்பார் முச்சக்கர மிதிவண்டியில் மின்மோட்டாரும் ஈயப் பாட்டரியும் வைத்துத் தெருவில் ஓட்டிக் காட்டியிருந்தார்.

அவ்வளவு முன்னரே தோன்றிய ஊர்தி ஏன் நூறாண்டு உறங்கியது? ஈயத்தின் எடைதான் காரணம். ஏற்றத்தில் துணை செய்ய வந்த பாட்டரியைச் சுமப்பதற்கே துணை வேண்டியிருந்தது. பெட்ரோல் எஞ்சினோ நாளுக்கு நாள் சிறுத்து வலுப்பெற்றது. நெதர்லாந்தில் 1930களில் மின்மிதிவண்டியைச் செய்து விற்றும் பார்த்தனர், நிலைக்கவில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1946இல், ஜப்பானில் சொய்சிரோ ஹோண்டா என்பார், படையினர் வானொலிக் கருவிக்கு மின்சாரம் எடுக்கப் பயன்படுத்திக் கைவிட்ட சிற்றெஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பொருத்தினார். தொலைவு மிதித்துச் சென்று சாமான் வாங்கி வந்த தம் மனைவியின் வருத்தத்தைக் கண்டே அதைச் செய்தார் என்பர். பிரான்சில் சோலெக்ஸ் வண்டியும் அவ்வாண்டே வெளிவந்தது. நம் நாட்டில் இவ்வழியில் வந்தவை மொபெட்டுகள். நம் பக்கத்துத் திருப்பதியில் செய்யப்பட்ட சுவேகா, 1972இல் புனேயிலிருந்து வந்த லூனா, 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 ஆகியவற்றை நடுவயதினர் யாவரும் அறிவர். சுவேகாவுக்கும் லூனாவுக்கும் மிதிகட்டை உண்டு. எஞ்சின் நின்றுவிட்டால் மிதித்துக்கொண்டே வீடு வந்து சேரலாம். மிதித்துப் பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும். ஓய்வு பெற்ற ஆசிரியரும் கோயில் அர்ச்சகரும் வேட்டியை மடித்துக் கட்டி லூனாவில் சென்ற காலம் இன்னும் கண்முன் நிற்கிறது. மிதிவண்டியைக் கைவிட்ட முதியோர்க்கு அதுவே ஊன்றுகோலாக இருந்தது. ஆனால் பெட்ரோல் வண்டியில் ஏறியவர் மிதிப்பதை நாளடைவில் மறந்தனர். முழங்காலும் அதை மறந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். செகந்தராபாத் 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த பாளைய நகரம். சென்னைப் படையினரோடும் அவர்களுக்குப் பொருள் வழங்கிய வணிகரோடும் தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்து தங்கின. 1874இல் வாடியிலிருந்து இருப்புப்பாதை வந்தது. 1893இல் லாலாகுடாப் பணிமனை எழுந்தது. நிஜாம் அரசின் இரயில்வே 1951இல் மத்திய இரயில்வேயோடு இணைந்ததும், 1966 அக்டோபர் 2ஆம் நாள் செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய இரயில்வே பிறந்ததும் நம்முள் பலருக்குக் குடும்ப வரலாறு. மெட்டுகுடா, லாலாகுடா, சிலகலகுடா, மாரேட்பள்ளி, பத்மராவ் நகர் என்று நம்மவர் பரவி வாழ்ந்த இடங்கள் யாவும் பணியிடத்திற்கு ஒரு சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் அமைந்தவை. இது தற்செயல் அன்று என்பது எம் கருத்து. 1932இல் நிஜாம் அரசு இரயில்வேயின் சாலைப்பிரிவு 27 பேருந்துகளோடு தொடங்கியது. இரவுப் பணிக்குப் போகிறவர் அவற்றை நம்பியிருக்க முடியுமா? நள்ளிரவு வண்டிக்குக் கையெழுத்திடச் செல்லும் கார்டுக்கும், விடியற்காலைப் பணிமுறைக்குச் செல்லும் பிட்டருக்கும் மிதிவண்டியே வாகனம்.

அந்நாளில் வந்தவை இராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்னும் சீமை வண்டிகள். விடுதலைக்குப்பின் நம் நாட்டிலேயே தொழிலகங்கள் பெருகின. சென்னை அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அமைந்தது, அட்லஸ் 1951இல் சோனிப்பத்தில் தொடங்கியது, ஹீரோ 1956இல் லூதியானாவில் தொடங்கி, 1986இல் உலகிலேயே மிகுதியான சைக்கிள்களைச் செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. பச்சை அல்லது கறுப்பு வண்ணம், தோல் இருக்கை, டைனமோ விளக்கு, பின்னால் கேரியர், கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு என்று அமைந்த அவ்வண்டி சுமார் 20 கிலோ எடை இருக்கும். கல்யாணச் சீரில் அதற்கு ஓர் இடம் இருந்தது. சொந்த வண்டி இல்லாதவர் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பர். எம் தலைமுறையினர் முழங்கால் சிராய்த்து ஓட்டக் கற்றதெல்லாம் வாடகைச் சைக்கிளில்தான்.

ஆனால் ஐதராபாத்து சமவெளி நகரமன்று. தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்திற்குமேல் 500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், கருங்கற்பாறைகளுக்கிடையே எழுந்த ஊர் இது. சென்னையிலும் தஞ்சையிலும் சைக்கிள் ஓட்டிப் பழகி இங்கு மாற்றலாகி வந்தவர், முதல் வாரத்திலேயே அவ்வேறுபாட்டைத் தொடைகளில் உணர்வர். மெட்டுகுடா என்ற பெயரைக் கேட்டாலே தமிழ்க் காதுக்கு மேடு ஒலிக்கிறது! இருபதில் அம்மேட்டைப் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியவர், ஐம்பதில் எழுந்து நின்று மிதித்தார். அறுபதில் இறங்கித் தள்ளினார். அதன்பின் வண்டியைப் பால்காரருக்கோ காவலாளிக்கோ கொடுத்துவிட்டார். நம் காலனியின் கதை சுருக்கமாக இவ்வளவே.

மேடு மட்டும் காரணமன்று. 1990களுக்குப் பின் மோட்டார் சைக்கிளும் காரும் சாலையை நிறைத்தன. மேம்பாலங்கள் எழுந்தன. 2009இல் திறந்த பி.வி. நரசிம்மராவ் விரைவுப் பாலம் 11 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அதில் இருசக்கர வண்டிகளுக்கே அனுமதி இல்லை. நகரைச் சுற்றியுள்ள 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையிலும் அவ்வாறே. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் நாட்டில் நூற்றுக்கு 45 குடும்பங்களிடம் மிதிவண்டி இருந்தது. அத்தனை குடும்பங்கள் வைத்திருக்கும் ஊர்திக்குச் சாலையில் ஒரு முழம் இடம் ஒதுக்க நம் நகரங்கள் முன்வரவில்லை என்பதை வருத்தத்தோடு கூறவேண்டியிருக்கிறது.

முதியவர் சைக்கிளை விட்டால் என்ன குறைந்துவிடும் என்று இளைஞர் கேட்கலாம். காய்கறிக்கு மோண்டா மார்க்கெட்டுக்குப் போவது நிற்கும். நவம்பரில் ஓய்வூதியத்திற்கான உயிர்ச்சான்று கொடுக்க வங்கிக்குச் செல்ல மகனுடைய விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டும். பழைய தோழர் ஒருவர் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் நோயுற்றுக் கிடந்தாலும் போய்ப் பார்க்க ஆட்டோவுக்கு ஆள் தேடவேண்டும். நம் சங்கக் கூட்டங்களில் மூத்த உறுப்பினர் வருகை குறைந்துவருவதைப் பற்றிச் செயற்குழு பலமுறை கவலைப்பட்டிருக்கிறது. கூட்ட மண்டபத்திற்கும் அவர்கள் வீட்டிற்கும் இடையே உள்ள மேட்டைப் பற்றி எவரும் அறிக்கையில் எழுதவில்லை.

இந்நிலையை மாற்றவல்ல பொறி ஜப்பானில் உருவாயிற்று. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனிப் பாட்டரியை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. (அப்பாட்டரிக்கு அடிகோலிய விட்டிங்காம், குடினஃப், யோசினோ மூவர்க்கும் 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது. குடினஃப் அப்போது 97 வயதினர். அதுவரை நோபெல் பெற்றோருள் அவரே மிக முதியவர்.) 1993இல் யமஹா நிறுவனம் பாஸ் என்னும் வண்டியை வெளியிட்டது. ஓட்டுபவர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார் என்பதை உணர்ந்து, அதற்கேற்ப மோட்டார் துணைசெய்யும் முதல் விற்பனை வண்டி அதுவே. பெரும் வேகத்தை விரும்பும் இளைஞரை அவ்வண்டி நாடவில்லை. முதியோரையும் பிள்ளையை ஏற்றிச்செல்லும் தாய்மாரையுமே நாடியது. முதலில் அதில் ஈயப் பாட்டரிதான் இருந்தது. இலேசான பாட்டரிகள் பின்னர் அவ்விடத்தைப் பிடித்தன. அதே 1993இல் நம் நாட்டில் கோயம்புத்தூரையும் கேரளத்துச் சாலக்குடியையும் களமாகக் கொண்டு லவ்பேர்டு என்னும் மின்சார ஸ்கூட்டர் வெளிவந்ததும், பாட்டரியின் குறைபாட்டால் நிலைபெறாது மறைந்ததும் நினைக்கத்தக்கவை.

துணை செய்தல் என்பதன் பொருளை இரயில்வேக் குடும்பத்தார்க்கு விளக்குவது எளிது. மும்பையிலிருந்து நம் ஊருக்கு வரும் வண்டி கர்ஜத் நிலையத்தில் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அப்பால் போர்க்காட் மலைப்பாதை. 37 அடி சென்றால் ஓரடி ஏற்றம். அங்கே வண்டியின் பின்னால் எஞ்சின்களைச் சேர்ப்பர். பேங்கர் என்பது அவற்றின் பெயர். முன் எஞ்சின் இழுக்க, பின் எஞ்சின் தள்ள, லோனாவளா வந்ததும் தள்ளியவை கழன்றுகொள்ளும். மின்மிதிவண்டியின் மோட்டார் அத்தகைய பேங்கர்தான்.

கணக்கிட்டும் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவரும் 20 கிலோ எடையுள்ள வண்டியும் சேர்ந்து 90 கிலோ. முப்பதுக்கு ஒன்று என்ற சரிவில் 300 மீட்டர் சென்றால் 10 மீட்டர் உயரம் ஏறவேண்டும். அதை ஒன்றரை நிமிடத்தில் ஏறுவதற்கு உயரத்துக்காக மட்டும் ஏறத்தாழ 100 வாட்டுத் திறன் தேவை. காற்றும் சாலையும் கேட்பது தனி. இளைஞர்க்கு இது பெரிதன்று. எழுபதைக் கடந்தவரின் காலுக்கும் நெஞ்சுக்கும் இது பெருஞ்சுமை. அதில் பாதியை மோட்டார் ஏற்றால் மேடு சமதரையாகிறது. சமதரையில் மோட்டாரை அடக்கி வைத்துத் தாமே மிதிக்கலாம். இதற்கான பாட்டரி 36 வோல்ட்டும் ஏழு ஆம்பியர்-மணியும் கொண்டதாயின், முழுதும் ஏற்றக் கால் யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரம் போதும். சில ரூபாய்ச் செலவு.

எம் காலனியில் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார், வயது 72. முழங்கால் நோவால் சைக்கிளை விட்டு நான்காண்டு வீட்டோடு இருந்தவர். வெளியூரிலுள்ள மகள் 2022இல் மின்மிதிவண்டி வாங்கி அனுப்பியபோது, பெட்டியைப் பிரிக்கவே மறுத்தார். “இதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம். மிதிக்க முடியாதவன் என்று ஊருக்குப் பறைசாற்றுவதா?” என்பது அவர் கேள்வி. மருமகள் வேறு காரணத்திற்காக மறுத்தார்: மாமா விழுந்துவிட்டால் யார் பார்ப்பது? ஒரு மாதம் பெட்டி கூடத்தில் கிடந்தது. ஒருநாள் மாலை யாம் அவரிடம், “ஐயா, கர்ஜத்தில் பேங்கர் சேர்த்து வந்த வண்டியை மட்டமான வண்டி என்று நீங்கள் என்றாவது எழுதியதுண்டா?” என்று கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரங்கழித்து, “தம்பி, ஸ்பானர் இருக்கிறதா?” என்றார். முதல் வாரம் காலனிக்குள் மட்டும், பிறகு வங்கி, பிறகு மார்க்கெட்டு. இப்போது அவரைப் பின்பற்றி ஓட்டுவோர் ஐவர்.

மோட்டார் வைத்து மிதிப்பது உடற்பயிற்சி ஆகுமா என்ற ஐயம் பலர்க்கும் உண்டு. இங்கிலாந்தில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை கூறுகிறது. சைக்கிள் ஓட்டும் வழக்கமில்லாத, 50 முதல் 83 வரை வயதுள்ளோரை எட்டு வாரம், வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் ஓட்டச் செய்தனர். சிலர்க்கு வெறும் சைக்கிள்; சிலர்க்கு மின்மிதிவண்டி. சிந்தித்துச் செயலாற்றும் திறன் இரு சாராரிடமும் மேம்படக் கண்டனர். மனநலத்தைப் பொறுத்தவரை மின்மிதிவண்டியினர் ஒருபடி முன்னே நின்றனர். வெளியே செல்வதும் நாலு முகத்தைக் காண்பதுமே ஒரு மருந்து என்று அவ்வாய்வாளர் கருதினர். எமக்கு இது வியப்பளிக்கவில்லை. பிரான்சு நாட்டு இராபர்ட் மர்ஷான் என்பார், மோட்டார் ஏதுமின்றி, 2017 சனவரியில் தம் 105ஆம் வயதில் ஒரு மணி நேரத்தில் 22.5 கிலோமீட்டர் ஓட்டினார். அவர் போன்றோர் அரியர். மற்றையோர்க்கு மோட்டார் இருப்பதில் தவறில்லை.

மருமகளின் அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிடுதற்கில்லை. மிதிவண்டி நாடாகிய நெதர்லாந்தில், 2017இல், காரில் சென்று இறந்தோரைவிட மிதிவண்டியில் சென்று இறந்தோர் மிகுதி. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மின்மிதிவண்டியில் சென்றவர். முதியோர் பலர் விழுவது வேகத்தில் அன்று, ஏறும்போதும் இறங்கும்போதும். நம் கார்டு ஐயாவும் ஒருமுறை அவ்வாறே காலனி வாயிலில் சாய்ந்து முழங்கை சிராய்த்துக்கொண்டார். காலைத் தூக்கிப் போட வேண்டாதவாறு நடுச்சட்டம் தாழ்ந்த வண்டியே முதியோர்க்கு ஏற்றது. நம் ஆடவர்க்கோ அது ‘லேடீஸ் சைக்கிள்’! எலும்பு முறிந்தால் ஆண் எலும்பும் பெண் எலும்பும் ஒன்றே என்பதை மருத்துவர் சொல்லித்தான் கேட்பார்களோ? விடியற்காலைத் தெருநாய், இறக்கத்தில் பிரேக், கோடையில் எட்டு மணிக்குமேல் வெயில் ஆகிய மூன்றையும் நம் ஊர் முதியோர் எண்ணிப் பார்க்கவேண்டும். தலைக்கவசம் கட்டாயம். பாட்டரியை அதற்குரிய சார்ஜரால் மட்டுமே, ஆள் விழித்திருக்கும் வேளையில், வெளியேறும் வழியை அடைக்காத இடத்தில் ஏற்றவேண்டும், மாடிப்படியடியில் கூடாது.

பெண்டிர் செய்தியைத் தனியே சொல்லவேண்டும். 1991ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அம்மையார் அதற்குத் துணைநின்றார். அன்று முப்பது வயதினராய்ச் சைக்கிள் கற்றவர் இன்று அறுபதைக் கடந்திருப்பர். நம் காலனித் தாய்மாருள் பெரும்பாலோர்க்கு இளமையில் அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. கணவர் கேரியரில் அமர்ந்து சென்றதே அவர்கள் அறிந்த மிதிவண்டி. நம் ஐவருள் ஒருவர் 64 வயது அம்மையார். கற்றதே சென்ற ஆண்டு. அவர்தாம் ஐவருள் மிக நன்றாக ஓட்டுகிறார் என்பது எம் கணிப்பு.

சட்டத்தைப் பொறுத்தவரை முதியோர் கலங்க வேண்டியதில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் அவற்றின் திருத்தங்களும், மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருந்து, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் அல்லது மிதிப்பது நின்றதும் விசை அறுந்துவிடும் மிதிவண்டியை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. ஆகவே உரிமமும் பதிவும் வேண்டா. கண்பார்வை குறைந்து உரிமத்தைப் புதுப்பிக்க முடியாதவர் இதை வசதி என்று எண்ணிவிடக் கூடாது. சாலைக்குச் சட்டம் தெரியாது.

நம் நகரம் மிதிவண்டியை முற்றும் மறந்துவிட்டது என்றும் கூறவியலாது. வெளிவட்டச் சாலையின் ஓரத்தில் நானக்ராம்குடாவிலிருந்து காவல் பயிற்சிக்கழகம் வரை 8.5 கிலோமீட்டரும், நார்சிங்கியிலிருந்து கொல்லூர் வரை 14.5 கிலோமீட்டருமாக 23 கிலோமீட்டர் நீளத்திற்கு, 4.5 மீட்டர் அகலத்தில், சூரிய மின்தகடுகளையே கூரையாக வேய்ந்த மிதிவண்டிப் பாதை 2023 அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. தென்கொரியாவிலுள்ள பாதையைக் கண்டு அமைத்தது. தகடுகளின் மின்னாக்கத் திறன் 16 மெகாவாட்டு. நிழலும் மின்சாரமும் ஒருங்கே தரும் அப்பாதையைக் கட்டியோர் பாராட்டுக்குரியர். ஆனால் அது நகரின் மேற்கு ஓரத்தில், கணினி நிறுவனங்களின் பக்கம் இருக்கிறது. நம் பகுதியிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். பாட்டரி அவ்வளவு தூரம் போகும்; போனபின் அங்கே ஓட்ட எஞ்சாது. காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுபவர்க்கே அது பயன்படுகிறது. மோண்டா மார்க்கெட்டுக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் வழியில் ஒரு மீட்டர் அகலம் ஒதுக்கித் தந்தால், கூரை இல்லாவிடினும் நம் பெரியோர் வாழ்த்துவர்.

அதுவரை காலனிச் சாலையே அவர்களுக்குப் பாதை. காலை ஐந்தே முக்காலுக்குப் பிள்ளையார் கோயில் முன்பு கூடி, ஏழு மணிக்குள் திரும்பிவிடுகின்றனர். சென்ற ஆண்டுவிழா விளையாட்டுப் போட்டியில், கால் ஊன்றாமல் கடைசியாக வருபவர்க்கே பரிசு என்னும் மெதுவான சைக்கிள் பந்தயத்தில் ஐவரும் பெயர் கொடுத்தனர். மோட்டார் வண்டியை ஏற்பதா என்று விளையாட்டுக் குழுவில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. பாட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஓட்டலாம் என்று முடிவாயிற்று. அந்த அம்மையார் இரண்டாவதாக வந்தார். முதற்பரிசு பெற்றவன் பதினான்கு வயதுப் பையன். கார்டு ஐயா பாதி வழியில் கால் ஊன்றிவிட்டு, கோடு போட்டவர் சரியாகப் போடவில்லை என்று நடுவரிடம் எழுத்து மூலம் முறையிட்டிருக்கிறார். அம்முறையீடு இவ்வாண்டுச் செயற்குழுவின் பரிசீலனையில் இருக்கிறது.